85,000 பேருக்கு எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்?

பினாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், பழைய கடைவீடு ஒன்றில் குடும்பமாகப் புடவை வியாபாரம். கடை அப்பாவுடையது. வாரத்தில் மூன்று இரவு முகநூலில் லைவ் போட்டு விற்பது இவரும் தம்பியும். பக்கத்தைப் பின்தொடர்வோர் 85,000 பேர். சாதாரண லைவை 400, 500 பேர் பார்ப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் 2,500 வரை போகும். கடந்த ஆண்டு மொத்தம் ஏறக்குறைய 25,000 ஆர்டர். இதுவரை கமென்ட்டில் எண் போடச் சொல்லி, வாட்ஸ்அப்பில் முகவரி வாங்கி, அனுப்பிய ரசீதுப் படத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிபார்த்து வந்திருக்கிறார்கள். இனி கைவேலையாக முடியாது என்று சொந்த இணையதளம் கட்டுகிறார்கள். தளத்தில் 6,000 பொருள் ஏறப்போகிறது. கையில் 14,000 வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது.

வீட்டில் தகராறு சர்வரைப் பற்றி. அப்பாவின் நண்பர் ஒருவர் கணினிக் கடை வைத்திருக்கிறார். அவர் கொடுத்த கோட்டேஷன்: இரண்டு பிராசசர் சேர்த்து 32 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 256 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் எட்டு டிஸ்க், ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 அமைப்பு, விலை 45,800 ரிங்கிட். "85,000 பேர் உள்ளே வந்தால் இதற்குக் குறைந்த எதுவும் தாங்காதும்மா" என்றாராம். தம்பியோ மாதம் 120 ரிங்கிட்டுக்கு 2 கோர், 4 ஜிபி ரேம் உள்ள வாடகை சர்வர் போதும் என்கிறார். அப்பா சொல்வது: "வாங்கினால் நல்லதாக வாங்கு. நம் பொருள் நம் கடை மாடியிலேயே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு." மாத இறுதிக்குள் பாதி முன்பணம் கட்ட வேண்டுமாம். யார் சொல்வது சரி, தீபாவளி இரவில் தளம் விழாமல் இருக்க என்ன வேண்டும், வாடிக்கையாளர் விவரம் எங்கே இருந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

எண்களோடு எழுதியதற்கு முதலில் நன்றி. என்னிடம் வரும் பலர் "பெரிய தளம், நிறைய பேர் வருவார்கள்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். தாளில் பதினைந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் 46,000 ரிங்கிட்டை நெருங்கும் கோட்டேஷன் வந்ததுதான் எனக்கு வருத்தம்.

கணினிக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. "85,000 பேருக்கு சர்வர் வேண்டும்" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள், அவர் தெரிந்த அளவில் பெரியதைச் சொல்லியிருப்பார். கேள்வியே தப்பு.

85,000 கணக்கில் வராது

உங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் 85,000. அவர்களில் பலர் எப்போதோ லைக் போட்டுவிட்டு மறந்தவர்களாக இருக்கலாம். லைவ் பார்ப்பவர்கள் 2,500. அந்த 2,500 பேரும் ஒரே நொடியில் உங்கள் டேட்டாபேஸை (பொருள், ஆர்டர், வாடிக்கையாளர் விவரமெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் இடம்) தொடுவதில்லை. கடையில் தீபாவளிக் கூட்டம் நிற்கும்போது நூறு பேர் புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பில் கவுண்டரில் இருப்பவர் நாலைந்து பேர்தானே, அதே நிலைதான். ஒருவர் பக்கத்தைத் திறக்கிறார், அரை நிமிடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், அக்காவுக்கு அனுப்பிக் கேட்கிறார், அப்புறம் அடுத்ததைத் திறக்கிறார். அந்த அரை நிமிடமும் உங்கள் டேட்டாபேஸுக்கு வேலை இல்லை.

ஆகவே கணக்கிட வேண்டியது, தளம் டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கேள்வி நொடிக்கு எத்தனை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. இரண்டையும் பெருக்கினால் ஒரே நேரத்தில் எத்தனை கேள்வி ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். வரிசைகளை ஆராய்ந்த ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. வங்கி கவுண்டருக்கும் பொருந்தும், சர்வருக்கும் பொருந்தும்.

உங்கள் மோசமான நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். தீபாவளி லைவ், 2,500 பேர் பார்க்கிறார்கள். நீங்கள் "லிங்க் கீழே போட்டாச்சு" என்கிறீர்கள். பத்தில் நாலு பேர் அடுத்த 30 நொடிக்குள் தட்டுகிறார்கள் என்று வைப்போம். 1,000 பக்கம், 30 நொடி: நொடிக்கு 33 பக்கம். ஒரு பக்கத்தைக் காட்ட டேட்டாபேஸிடம் பத்து கேள்வி கேட்கப்படும் என்றால் நொடிக்கு 330 கேள்வி. இன்டெக்ஸ் சரியாகப் போட்ட (புத்தகத்தின் பின்னால் வரும் அகராதி போல, வேண்டிய வரியை நேரே காட்டுவது இன்டெக்ஸ்) சின்ன டேட்டாபேஸில் இத்தகைய கேள்வி ஒன்றுக்கு 2 மில்லி நொடி என்பதே தாராளம். 330-ஐ 0.002-ஆல் பெருக்கினால் 0.66. அதாவது உங்கள் மிக மோசமான அரை நிமிடத்தில் ஒரு கோருக்குக்கூட முழு வேலை இல்லை.

இதற்கு மேல் இரண்டு தாராளம் சேர்ப்பேன். வியாபாரம் மூன்று மடங்கு வளரட்டும்: 2 கோர். எந்த சர்வரையும் பாதிக்கு மேல் வேலை வாங்காமல் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் எழுபது, எண்பது விழுக்காட்டைத் தாண்டினால் காத்திருக்கும் வரிசை சட்டென்று நீளும்: 4 கோர். 32 கோருக்கான காரணம் எதுவும் இதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று. மேலே "இன்டெக்ஸ் சரியாகப் போட்ட" என்று எழுதினேனே, அந்த நிபந்தனை முக்கியம். ஆறு ஆண்டு ஆர்டர் சேர்ந்தால், ஆர்டருக்கு இரண்டு பொருள் என்ற கணக்கில் டேட்டாபேஸ் அட்டவணையில் 300,000 வரி இருக்கும். புரோகிராமர் ஒரு கேள்விக்கு மட்டும் இன்டெக்ஸ் போட மறந்துவிட்டார், ஒவ்வொரு முறையும் 300,000 வரியையும் முதலிலிருந்து புரட்டுகிறது, 100 மில்லி நொடி ஆகிறது என்று வையுங்கள். நொடிக்கு 33 முறை அது நடந்தால் 3.3 கோர் போய்விட்டது. அப்படி மூன்று கேள்வி இருந்தால் 10 கோர். பெரிய சர்வர் வாங்கியவர்கள் பலர் உண்மையில் இதற்குத்தான் காசு கட்டுகிறார்கள். இன்டெக்ஸ் போடும் ஒரு வரிக் கட்டளையில் தீரும் விஷயம். மெதுவான கேள்விகளைப் பதிவு செய்யும் வசதி பெரும்பாலான டேட்டாபேஸ்களில் உண்டு, அதை முதல் நாளிலேயே இயக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு சேரும்?

ரேமுக்கான கணக்கு இன்னும் எளிது. ஒரு பொருளின் பெயர், விலை, நிறம், விளக்கம் எல்லாம் 2 கேபி என்றால் 6,000 பொருள் 12 எம்பி. வாடிக்கையாளருக்கு 1 கேபி, 14 எம்பி. ஆண்டுக்கு 25,000 ஆர்டர், அதற்குள் இருக்கும் 50,000 பொருள் வரி, எல்லாம் சேர்த்துச் சுமார் 40 எம்பி. மலேசியாவில் வருமான வரிக்காக வியாபாரக் கணக்கை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் ஏழு ஆண்டுக்கே போடுவோம்: 280 எம்பி. கூட்டினால் ஏறக்குறைய 306 எம்பி. இன்டெக்ஸ், இடைவெளி, திருத்தப்பட்ட பழைய வரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றால் பெருக்குவது என் வழக்கம். 1 ஜிபியைத் தொடவில்லை.

உங்கள் குடும்பத்தின் ஏழு ஆண்டு வியாபாரம் முழுவதும் ஒரு சாதாரணக் கைப்பேசியின் ரேமுக்குள் அடங்கிவிடும். டேட்டாபேஸ் வேகமாக இருக்க வேண்டுமானால் அடிக்கடி தொடும் தரவு முழுவதும் ரேமில் உட்கார வேண்டும். 8 ஜிபியில் அது உட்கார்ந்த பிறகும் இடம் மிஞ்சும். 256 ஜிபியில் 250 காலியாகக் கிடக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற பரவலான டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டுமே நிறுவியவுடன் தங்கள் நினைவகத் தேக்கத்துக்கு வெறும் 128 எம்பிதான் ஒதுக்கிக்கொள்ளும். நாமாக அமைப்பை மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸில் ரேமில் கால் பங்கு என்று தொடங்கலாம். ரேமை வாங்கிப் போட்டுவிட்டு இதைத் தொடாமலே விட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு விஷயம் மட்டும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். ஒன்று படங்கள். பொருளுக்கு ஐந்து படம், படத்துக்கு 300 கேபி என்றால் 9 ஜிபி. அவற்றை டேட்டாபேஸுக்குள் போட விடாதீர்கள். தனிக் கோப்புச் சேமிப்பில் இருக்கட்டும், டேட்டாபேஸில் அதன் முகவரி மட்டும் போதும். இரண்டாவது, யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற பதிவு. நாளுக்கு 20,000 பார்வை, ஒன்றுக்கு அரை கேபி என்றாலே ஆண்டுக்கு 3.6 ஜிபி. ஏழு ஆண்டு ஆர்டரைவிட ஓராண்டு வேடிக்கை பார்த்தவர் கணக்கு ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு பெரிது! அதை வேறு இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழையதை அழித்துவிடலாம்.

ஒரே ஒரு பீஸ், இருநூறு பேர்

இப்போது உங்கள் உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். அது கோட்டேஷனிலும் இல்லை, தம்பியின் திட்டத்திலும் இல்லை.

லைவில் நீங்கள் ஒரு புடவையைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், "ஒரே பீஸ்தான் இருக்கு, 189 வெள்ளி (ரிங்கிட்)." பத்து நொடியில் இருநூறு பேர் "வாங்கு" என்பதைத் தட்டுகிறார்கள். புரோகிராமர் அவசரத்தில் எழுதினால் இரண்டில் ஒன்று நடக்கும்.

முதல் வகை: புரோகிராம் இருப்பைப் படிக்கிறது, 1 என்று இருக்கிறது, சரி என்று பணம் கட்டும் பக்கத்துக்கு அனுப்புகிறது. இருநூறு பேருக்கும் அந்த நொடியில் 1 என்றுதான் தெரியும். அவர்களில் நாலு பேர் பணம் கட்டிவிடுவார்கள். மூன்று பேருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த மூவரும் உங்கள் அடுத்த லைவின் கமென்ட்டில் என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் வகை இன்னும் மோசம். கவனமான புரோகிராமர் முதலில் வந்தவருக்காக அந்தப் புடவையின் இருப்பு வரியை வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கிறார், பணம் வந்த பிறகு திறக்கலாம் என்று. முதலில் வந்தவர் எப்பிஎக்ஸ் (மலேசியாவில் இணைய வங்கி மூலம் பணம் கட்டும் முறை) வழியாக வங்கிப் பக்கத்துக்குப் போகிறார். கடவுச்சொல் தேடுகிறார். வங்கிச் செயலியில் ஒப்புதல் வரவில்லை, கைப்பேசியை அணைத்துப் போடுகிறார். இரண்டு நிமிடம். அதுவரை மற்ற 199 பேரும் பூட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் டேட்டாபேஸோடு ஒரு இணைப்பைப் பிடித்துக்கொண்டு. போஸ்ட்கிரெஸ் நிறுவியபடியே விட்டால் மொத்தம் 100 இணைப்புதான் ஏற்கும். நூறும் தீர்ந்தது. மஞ்சள் புடவைக்குச் சம்பந்தமே இல்லாமல் வளையல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் தளம் திறக்காது. "சைட் டவுன்" என்று கமென்ட் குவியும்.

அந்த நேரத்தில் சர்வருக்குள் போய்ப் பார்த்தால் சிபியு (பிராசசர்) ஐந்து விழுக்காடுகூட ஓடியிருக்காது. எல்லாரும் ஒரு வங்கி ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறார்கள். 32 கோரும் சேர்ந்து காத்திருக்கும், அவ்வளவுதான். மறுநாள் "சர்வர் தாங்கவில்லை" என்று பேச்சு எழும், இன்னும் பெரிய பெட்டி வரும், அடுத்த லைவிலும் அதேதான் நடக்கும்.

இதற்கு வழி வடிவமைப்பில் இருக்கிறது. "இருப்பு பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை" என்பதை ஒரே கட்டளையாக டேட்டாபேஸுக்குக் கொடுக்க வேண்டும்; படித்துப் பார்த்து, யோசித்து, பிறகு குறைப்பது என்று இரண்டு படியாகக் கூடாது. யாருக்கு அது குறைந்ததோ அவர் பெயரில் பத்து நிமிட முன்பதிவு ஒன்றை எழுதி, அந்த டேட்டாபேஸ் பரிவர்த்தனையை அங்கேயே முடித்துவிட வேண்டும். இதெல்லாம் சில மில்லி நொடி வேலை. பணம் கட்டும் வேலை பூட்டுக்கு வெளியே நடக்கட்டும். பத்து நிமிடத்தில் பணம் வராவிட்டால் இருப்பு ஒன்று கூடிவிடும், அடுத்தவர் எடுக்கலாம். மற்ற 199 பேருக்கும் உடனே "முடிந்துவிட்டது" என்று தெரிந்துவிடும். காத்திருக்க வைப்பதைவிட அது மரியாதை. பதினோராவது நிமிடத்தில் தாமதமாக ஒரு பணம் வந்து சேரும். அதற்கு என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள், அது கட்டாயம் நடக்கும்.

கூடவே இணைப்புகளைப் பங்கிட்டுத் தரும் பூலர் ஒன்று, போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிபவுன்சர் போல. ஆயிரம் பேர் வந்தாலும் டேட்டாபேஸுக்கு உள்ளே இருபது இணைப்புதான் போகும். இணைப்பின் எண்ணிக்கையை 2,000 ஆக்கினால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி ஆளாக ரேம் தின்னும்.

இந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து உங்கள் புரோகிராமரிடம் கொடுங்கள். அவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள்.

டிஸ்க் பற்றி ஒரு குறை

கோட்டேஷனில் எனக்கு நிஜமாகவே பிடிக்காதது டிஸ்க். 10,000 சுற்று டிஸ்க் ஒன்றால் நொடிக்கு ஏறக்குறைய 140 முறைதான் அங்குமிங்கும் தாவிப் படிக்கவோ எழுதவோ முடியும். எட்டு இருக்கிறதே என்றால், ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு நாலு டிஸ்க் வேலை: பழைய தரவைப் படி, சரிபார்ப்புத் தரவைப் படி, இரண்டையும் திரும்ப எழுது. எட்டு டிஸ்கும் சேர்ந்து நொடிக்கு 280 எழுத்து. ரெய்டு கார்டில் பேட்டரியுள்ள கேஷ் (தற்காலிக நினைவகம்) இருந்தால் கொஞ்சம் கூடும். உங்களுக்கு நொடிக்கு ஐந்து ஆர்டர் வந்தாலே பெரிது என்பதால் 280-ம் போதும்தான். ஆனால் மின்சாரம் போனால் தரவைக் காக்கும் வசதி கொண்ட இரண்டு சர்வர் தர எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), ஒன்றின் பிரதியாக மற்றொன்று என்று வைத்தால், நொடிக்குப் பல்லாயிரம் கிடைக்கும். கோருக்கும் ரேமுக்கும் கொட்டிவிட்டு டிஸ்கில் சிக்கனம் பிடித்த கோட்டேஷன் இது; டேட்டாபேஸுக்கு இது தலைகீழ்.

மாடியிலா, வாடகையிலா?

அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. சொந்தக் கடையில், சொந்தக் காசில் வாங்கியதை நம்பி வளர்ந்த தலைமுறை. ஆனாலும் மாடி வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் நீங்களே கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒன்று: கடையின் இணைய லைனில் மேலேற்றும் வேகம் 50 மெகாபிட்.

மேலே சொன்ன நொடிக்கு 33 பக்கத்தில், பக்கத்துக்கு ஐந்து படம் என்றால் 1.5 எம்பி. நொடிக்கு 50 மெகாபைட், அதாவது 400 மெகாபிட் உங்கள் கடையிலிருந்து வெளியே போக வேண்டும். லைன் 50. அதிலும், நீங்கள் லைவ் போடுவதும் அதே லைனில்! நீங்கள் லிங்க் கொடுத்த அடுத்த நொடி வாடிக்கையாளர்கள் படத்தை இழுக்க, உங்கள் முகமே திரையில் உறைந்து நிற்கும். சர்வர் எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கே வேலையே இல்லை.

"அப்படியானால் படத்தையும் தளத்தையும் வெளியே வைத்துவிட்டு டேட்டாபேஸ் பெட்டியை மட்டும் மாடியில் வைக்கலாமே" என்று அப்பா கேட்கலாம். தளம் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சைபர்ஜெயாவில், டேட்டாபேஸ் ஜோர்ஜ்டவுனில் என்றால் ஒவ்வொரு கேள்வியும் தீபகற்பத்தின் பாதியைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து கேள்வி, பத்து பயணம். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டிய ஜோடி. பிறகு மின்சாரம், இடி, உள்ளே 24 மணி நேரமும் ஓட வேண்டிய ஏர்கோன், பழைய கடைவீட்டுக் கரையான். 2017 நவம்பர் வெள்ளத்தை அப்பா மறந்திருக்கமாட்டார். மாடியில் இருக்கும் பெட்டி நனையாது, ஆனால் கீழே மின்சாரத்தை நிறுத்திவிட்டால் மேலே எது ஓடும்?

வாடகை என்றால் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. சைபர்ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் தரவு மையங்கள் உண்டு. அமேசான் தன் கிளவுட் மண்டலத்தை 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே திறந்தது. தரவு நாட்டுக்குள் இருக்கட்டும் என்று அப்பா விரும்பினால் அதற்கு வழி இருக்கிறது.

அதற்காகத் தம்பி சொன்னதை அப்படியே ஏற்கவும் முடியாது. 120 ரிங்கிட் பெட்டி சாதாரண நாளுக்குப் போதும். மூன்று விஷயத்தை அவரிடம் கேளுங்கள். வாடகை சர்வரில் "2 கோர்" என்பது பெரும்பாலும் பாதிக் கோர் இரண்டு. மலிவான சிலவற்றில் கிரெடிட் முறை வேறு: சும்மா இருக்கும்போது சேரும், வேலை வரும்போது கரையும், தீர்ந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். லைவ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத் தளம் காரணமில்லாமல் நொண்டினால் அதுதான் காரணம். மூன்றாவது, நகல். வாடகைக்காரர் நகல் எடுப்பார் என்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கலாம். காசு கட்டிக் கேட்டால் ஒழியப் பலர் எடுப்பதில்லை.

என் யோசனை: தளம், டேட்டாபேஸ், படம் மூன்றையும் பிரித்து வையுங்கள். டேட்டாபேஸுக்குக் கிரெடிட் முறை இல்லாத 2 கோர், 8 ஜிபி, எஸ்எஸ்டி 50 ஜிபி. பராமரிப்பையும் அவர்களே பார்க்கும் டேட்டாபேஸ் சேவை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து அதை எடுங்கள், உங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க ஆள் இல்லை. தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு 4 கோர், 16 ஜிபிக்கு ஏற்றுங்கள், முடிந்ததும் இறக்கிவிடுங்கள். எல்லாம் சேர்த்து மாதம் 500 ரிங்கிட் ஆனாலும் அந்த 45,800 ஏழரை ஆண்டுக்கு வரும். பெட்டிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கோட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள்.

நகல் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ரெய்டு இருப்பதால் நகல் தேவையில்லை என்று கணினிக் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. டிஸ்க் கெட்டால் ரெய்டு காப்பாற்றும். யாராவது ஆர்டர் அட்டவணையைத் தவறுதலாக அழித்தால், எல்லா டிஸ்கிலும் ஒரே நேரத்தில் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். தினமும் ஒரு முழு நகல், இடையிலுள்ள மாற்றங்களின் தொடர் பதிவு, அதில் ஒரு பிரதி வேறு நிறுவனத்தில் அல்லது வீட்டில். 1 ஜிபிதானே, கைக்கடக்கமான டிஸ்கிலேயே அடங்கும். அப்பாவுக்கு "நம் பொருள் நம்மிடம்" என்ற நிம்மதி வேண்டுமானால், வாரம் ஒரு பிரதியை, குறியாக்கம் செய்து, அவர் பெட்டகத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து டேட்டாபேஸை எழுப்பிப் பார்ப்பது தம்பியின் வேலையாக இருக்கட்டும்.

வாடிக்கையாளர் விவரம்

நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் இந்த வேலையில் இருப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய அளவு சொல்கிறேன். பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-க்குள் வரும். 2024-இல் திருத்தினார்கள். 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்து பெரும் பாதிப்பு வரக்கூடும் என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தரவு பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்கும் கடமையும் அப்போதிருந்து வந்தது. 20,000 பேருக்கு மேற்பட்டவர் விவரத்தைக் கையாள்பவருக்கு அது பொருந்தும். உங்களிடம் இப்போது 14,000. இரண்டு தீபாவளியில் தாண்டிவிடுவீர்கள், இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வையுங்கள். சர்வர் மாடியில் இருந்தாலும் வாடகையில் இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

வைத்திராத தரவு கசியாது. புரோகிராமரின் பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். புடவை அனுப்ப அது எதற்கு? எடுத்துவிடச் சொல்லுங்கள். வங்கி அட்டை எண்ணைப் பணம் வாங்கித் தரும் சேவையே வைத்துக்கொள்ளட்டும், உங்கள் டேட்டாபேஸுக்குள் அது வரவே கூடாது.

முன்பணம் கட்டும் முன்

நான் போட்ட எல்லாமே ஊகக் கணக்கு. பத்தில் நாலு பேர் தட்டுவார்கள் என்றேன், ஏழு பேர் தட்டலாம். அதனால் சோதித்துப் பார்த்துவிடுங்கள். தளம் தயாரானதும் அதே அளவு சர்வர் ஒன்றை ஒரு நாள் மட்டும் வாடகைக்கு எடுத்து, ஏழு ஆண்டுக்கான போலி ஆர்டரை நிரப்பி, கே6 அல்லது ஜேமீட்டர் என்ற சோதனை மென்பொருள் கொண்டு 30 நொடிக்குள் ஆயிரம் போலி வாடிக்கையாளரை அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருநூறு பேர் ஒரே பீஸை வாங்க முயலட்டும். முடிந்ததும் மூன்றைப் பாருங்கள்: அந்தப் பீஸ் ஒரே ஒருவருக்கு மட்டும் விற்றதா, நூறில் 95 பேருக்கு ஒரு நொடிக்குள் பக்கம் வந்ததா, சிபியு பாதிக்குக் கீழே நின்றதா. சிபியு சும்மா இருக்கும்போதே பக்கம் தாமதமானால் பூட்டு அல்லது இணைப்புத் தட்டுப்பாடு. சிபியு நூறைத் தொட்டால் முதலில் இன்டெக்ஸைப் பாருங்கள், அதற்கப்புறம் பெரிய பெட்டி. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே இதைச் செய்தால் திருத்த நேரம் இருக்கும்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கட்ட வேண்டாம். அவர் அப்பாவின் நண்பர் என்பதால் முகம் முறியக் கூடாது என்ற உங்கள் கவலையும் நியாயமே. கடைக்கு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றை அவரிடமே வாங்குங்கள்: லைவ் போடும் கணினிக்கும் ரௌட்டருக்கும் ஒரு நல்ல யுபிஎஸ், முதல் லைன் அறுந்தால் மாறிக்கொள்ள சிம் போடும் இரண்டாவது ரௌட்டர், பார்சல் லேபல் அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்று, பெட்டகத்தில் வைக்க இரண்டு வெளி டிஸ்க். தீபாவளி லைவ் நடுவில் மின்சாரம் போனால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த யுபிஎஸ்தான், அதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.